ஒரே வாணலியில் ஓர் இரவுணவு

பணிநாள் மாலைதோறும் நம் இல்லங்களில் எழும் வினா ஒன்றே: இன்றிரவு என்ன சமைப்பது? கோட்டைப் பகுதியில் நாள் முழுதும் உழைத்துவிட்டு, நெரிசல் மிக்க மின்சார ரயிலில் நின்றபடியே மாதுங்காவிலோ செம்பூரிலோ வந்திறங்கும் சகோதரிக்கு, சாதம், குழம்பு, கறி, ரசம் என நான்கு பாத்திரங்களை அடுப்பேற்றும் வலிமை எங்கிருந்து வரும்? சமைத்துவிட்டால் மட்டும் வேலை தீர்ந்ததா? தாராவியின் சந்துகளில் பல வீடுகளுக்குக் குழாய்நீர் நாளில் சில மணி நேரமே வருகிறது. பிடித்து வைத்த நீரில் பாத்திரம் துலக்குவோருக்கு, துலக்க வேண்டியது ஒன்றே என்றால் அதுவே பெரும் பேறு.

ஒரே கலத்தில் முழு உணவையும் ஆக்குவது நமக்குப் புதிதன்று. நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியேறிய குடும்பத்தார் கூட்டாஞ்சோற்றை மறந்திருக்க மாட்டார்கள். அரிசி, பருப்பு, காய்கறி, புளி, அரைத்த தேங்காய் யாவும் ஒன்றாய் வெந்து ஒன்றன் சுவையை மற்றொன்று ஏற்பதே அதன் நயம். அம்முறையிலேயே, நம் பிள்ளைகள் நாள்தோறும் கேட்டு நச்சரிக்கும் சீஸ் மாக்கரோனியையும் ஆக்கிவிடலாம் என்பதே நாம் இங்குச் சொல்ல வந்தது.

“மேனாட்டுப் பண்டம் நமக்கெதற்கு?” என்று வீட்டுப் பெரியோர் வினவக்கூடும். மாக்கரோனியும் சீஸும் சேர்ந்த உணவு 1390 அளவில் எழுந்த ஆங்கிலச் சமையல் நூலொன்றிலேயே காணப்படுவது. ஆகவே அது அன்னியப் பண்டம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், நம் தோசைக்கு உருளைக்கிழங்கும் சாம்பாருக்கு மிளகாயும் எங்கிருந்து வந்தனவாம்? சீஸின் கதையிலோ நம்மவர் தொடர்பும் உண்டு. இன்றைய குஜராத்தின் கைரா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள் 1946-இல் அமைத்த கூட்டுறவுச் சங்கமே அமுல் ஆயிற்று. அச்சங்கத்தார் தொடக்க நாள்களில் பால் அனுப்பியது பம்பாய் நகருக்கே. 1949-இல் ஆனந்த் நகருக்குச் சென்று அப்பணியை வளர்த்த வர்கீஸ் குரியன், சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர். சைவ உணவினர் வேறோர் ஐயம் எழுப்புவர். பழைய முறையில் சீஸுக்குப் பாலை உறையச் செய்தது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருள். இப்போது நுண்ணுயிரிகளிலிருந்து பெறும் உறைபொருளும் உண்டு. உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

இனி, செய்முறை. நால்வர்க்கு 250 கிராம் மாக்கரோனி வேண்டும். மைதாவினும் கோதுமை ரவையில் செய்தது குழையாது நிற்கும். அடி கனத்த அகன்ற வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, நான்கு பல் பூண்டும் ஒரு பெரிய வெங்காயமும் வதக்குக. நறுக்கிய தக்காளி மூன்றைச் சேர்த்து, அது கரைந்து எண்ணெய் பிரியும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். இங்கே அவசரப்பட்டால் பச்சை வாடை நீங்காது. கேரட், பட்டாணி, குடமிளகாய் என வீட்டில் உள்ளவற்றை இரண்டு கிண்ணம் அளவு தாராளமாய்ச் சேர்க்கலாம். சர்க்கரை நோயுள்ள பெரியோர்க்குப் பரிமாறும்போது காய்கறியைக் கூட்டி மாக்கரோனியைக் குறைப்பது நன்று.

பின்னர் மாக்கரோனியையும் 600 மில்லி நீரையும் சேர்த்து மூடி, இடையிடையே கிளறிப் பத்து நிமிடம் வேகவிடுக. தனியே வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுவது வழக்கம். அவ்வாறு கொட்டும் நீரோடு மாவுச்சத்தும் போய்விடுகிறது. இங்கு அச்சத்து வாணலியிலேயே தங்கிக் குழம்பைக் கெட்டியாக்குகிறது. வடிதட்டும் வேண்டியதில்லை, வெள்ளைக் குழம்பு காய்ச்சத் தனிப் பாத்திரமும் வேண்டியதில்லை.

நீர் பெரும்பாலும் வற்றியதும் தீயைக் குறைத்து, ஒரு தேக்கரண்டி மக்காச்சோள மாவு கரைத்த 200 மில்லி பாலை ஊற்றுக. தக்காளியின் புளிப்பில் பால் திரியாதிருக்க அம்மாவு உதவும். குழம்பு கெட்டிப்பட்டதும் அடுப்பிலிருந்து இறக்கி, துருவிய சீஸ் 100 கிராமில் பாதியைக் கலந்து, மிளகுத்தூள் தூவுக. சீஸில் உப்பு உண்டு. ஆதலால் சுவைத்துப் பார்த்த பின்னரே உப்பிடுக. எஞ்சிய சீஸை மேலே பரப்புக.

ஓவன் உள்ள இல்லத்தார், பிளாஸ்டிக் பிடி இல்லாத வாணலியாயின், அதை அப்படியே உள்ளே வைத்து 200 பாகை வெப்பத்தில் பதினைந்து நிமிடம் வாட்டலாம். ஓவன் இல்லாதோர் ஏங்க வேண்டாம். தோசைக்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் வாணலியை மூடி வைத்துச் சிறு தீயில் எட்டு நிமிடம் விட்டால் சீஸ் உருகிப் படியும். மேற்புறம் சிவக்காது என்பது உண்மையே. அக்குறையைத் தீர்க்க இந்நகரமே வழி தந்திருக்கிறது: முந்தைய நாள் பாவ் ஒன்றை உதிர்த்து, சிறிது வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்து மேலே தூவுங்கள். அந்த மொறுமொறுப்பு ஓவனில் வாட்டியதற்குச் சற்றும் இளைத்ததன்று என்பது எம் கருத்து.

தொடக்கம் முதல் இறுதி வரை நாற்பது நிமிடம். அதிலும் அடுப்பருகே நிற்பது பாதி நேரமே. பள்ளிப் பிள்ளைகளும், சமையலறைப் பக்கம் எட்டிப் பாராத ஆடவரும் இதைச் செய்து பழகலாம். வாணலியைத் துலக்குவதும் அவர்கள் பொறுப்பானால் இன்னும் நன்று.

மிஞ்சியதை ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் காலை இறுகியிருக்கும். கால் தம்ளர் பால் விட்டுச் சிறு தீயில் நன்கு சூடேறும்வரை கிளறினால் இளகிவிடும். பிள்ளைகளின் டிபன் டப்பாவும் நிறைந்துவிடும்.