உங்களுக்குத் தெரியுமா? எடைக்குள் இருப்பது எது?
இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு நிமோனியாவும் வந்தால் ஒல்லியானவரே அதிகம் தத்தளிக்கிறார். சற்றுப் பருமனானவர் பிழைக்கும் வாய்ப்பு கூடுதலாகத் தெரிகிறது. மருத்துவர்கள் இதை ‘உடல்பருமன் முரண்’ என்கிறார்கள். உடனே தொப்பையைத் தடவிக்கொள்ள வேண்டாம்! சேவூரில் நடக்கும் நிலக்கடலை ஏலத்தில் மூட்டையின் எடையை மட்டும் வைத்து யாரும் விலை சொல்வதில்லை. பருப்பு எவ்வளவு, ஓடு எவ்வளவு என்று பார்ப்பார்கள். உடல் எடையிலும் தசை, கொழுப்பு, காலில் கோத்த நீர் எல்லாம் சேர்ந்தே இருக்கும். நோயைத் தாங்க உதவுவது தசை. இருமிச் சளியை வெளியேற்றவும் அதுதான் வேண்டும்.

எடைக்கணக்கு ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறாகலாம். 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவரின் படத்தை வெளியிட்டது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல்நிறை எண் இருவருக்கும் 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2!