பிரிந்து இருக்கிறாரா, கைவிட்டுப் போனாரா?

எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவுக்குத் துணையாக இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். கணினி முன்னால் இருந்த பெண் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, நீங்க பிரிஞ்சு இருக்கீங்களா, இல்ல அவர் விட்டுட்டுப் போயிட்டாரா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணு இல்லக்கா. விட்டுட்டுப் போனாத்தான் இந்தச் சான்றிதழ்."

கணவனால் கைவிடப்பட்ட பெண் என்று வருவாய்த்துறை தரும் சான்றிதழ் அது. அந்தப் பெண் கேட்டது அலுவலகக் கேள்விதான். ஆனால் நீதிமன்றம், ராணுவம், ஆலை, கப்பல் என எங்கே போனாலும் அதே கேள்விதான் காத்திருக்கிறது. போனவர் போய்விட்டார். என்ன நினைத்துக்கொண்டு போனார்?

நம் மொழியில் கல்யாணம் என்றால் கைப்பிடித்தல். பிடித்த கையை விட்டால் கைவிடுதல். வழக்கறிஞர்கள் தங்களுக்குள் 'டெசர்ஷன்' என்பார்கள். அக்காவைப் போன்றவர்கள் 'தள்ளி வச்சிட்டார்', 'விட்டுட்டுப் போயிட்டார்' என்பார்கள். ஊர் வாயில் இதற்கு 'வாழாவெட்டி' என்று ஒரு சொல்லும் இருக்கிறது. போனவனை விட்டுவிட்டு இருப்பவள் மேல் பழி போடும் சொல் அது. வழக்கிலிருந்தே அது ஒழிய வேண்டும்.

டெசர்ஷனுக்கும் பாலைவனத்தைக் குறிக்கும் டெசர்ட்டுக்கும் லத்தீனில் ஒரே வேர். விட்டு நீங்குதல் என்பது அதன் பொருள். தமிழிலும் பாலைத் திணைக்குத் தொல்காப்பியம் தந்த உரிப்பொருள் பிரிதல்தான். ஆனால் அங்கே தலைவன் பொருள் தேடிப் போகிறான், திரும்பி வரும் எண்ணத்தோடு போகிறான். அவன் வருவான் என்றுதான் தலைவி காத்திருக்கிறாள். அதனால் அது பிரிவு. அந்த எண்ணம் இல்லாமல் போயிருந்தால் கைவிடுதல். சட்டமும் கோடு கிழிப்பது இதே இடத்தில்தான்.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் கைவிடுதல் முதலில் நீதிமன்றப் பிரிவினைக்கு மட்டுமே காரணமாக இருந்தது. 1976இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதைக் காட்டி விவாகரத்தே கேட்கலாம். மனு போடும் நாளுக்கு முன்னால் தொடர்ந்து 2 ஆண்டுகள் கைவிடப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே வேறு வீட்டில் இருப்பது போதாது. விட்டுப் போனவரிடம் பிரிந்து வாழ்வதும் இருக்க வேண்டும், இனி சேர்வதில்லை என்ற முடிவும் இருக்க வேண்டும். அதற்கு மற்றவர் சம்மதித்திருக்கக் கூடாது, போக வைக்கும்படி அவர் நடந்துகொண்டிருக்கவும் கூடாது. துபாயில் வேலை பார்த்து மாதாமாதம் பணம் அனுப்பும் கணவர் ஐந்து வருடம் வராமல் இருந்தாலும், அதற்காக மட்டும் அவர் கைவிட்டவர் ஆகிவிட மாட்டார். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே மனைவியை வேண்டுமென்று புறக்கணிப்பவர் ஆகக்கூடும். வேண்டுமென்றே செய்யும் புறக்கணிப்பும் கைவிடுதலில் அடங்கும் என்று சட்டமே விளக்கம் சொல்கிறது.

இதை நன்றாகப் புரிய வைப்பது 1956இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன ஒரு பம்பாய் வழக்கு. கணவர் இங்கிலாந்து போயிருந்த நேரத்தில் மனைவி வேறொருவருக்குக் கடிதம் எழுதினார் என்று வீட்டில் பிரச்சினை. கணவர் திரும்பி வந்த சில நாளில், 1947 மே மாதம், மனைவி பிறந்த வீட்டுக்குப் போனார். பிறகு வரவில்லை. 'என்னைக் கைவிட்டாள்' என்று, அப்போது பம்பாயில் தனியாக இருந்த விவாகரத்துச் சட்டத்தின்படி, கணவர் விவாகரத்து கேட்டார். பார்வைக்கு வழக்கு அவர் பக்கம்தான். ஆனால் இடையில் அவரே வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் விட்டிருந்தார். மனைவியை அனுப்பி வைக்கிறோம் என்று பெண் வீட்டார் சொன்னபோது, அனுப்ப வேண்டாம் என்று தந்தியும் கொடுத்திருந்தார். கதவைச் சாத்தியவரே 'வரவில்லை' என்று குறை சொல்ல முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். கணவர் தோற்றார். கைவிடுதல் வழக்குகளில் இன்றும் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள்.

அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாகத் தாய் வீட்டுக்கு ஓடி வந்த பெண்ணைப் பார்த்து, 'நீதானே வீட்டை விட்டுப் போனாய்' என்று பஞ்சாயத்தில் கேட்பதை நான் காதால் கேட்டிருக்கிறேன். வாசலைத் தாண்டியவர் யார் என்று மட்டும் சட்டம் பார்ப்பதில்லை. போகும்படி செய்தவர் யார் என்றும் பார்க்கிறது. உள்ளே இருந்துகொண்டே துரத்தியவர்தான் கைவிட்டவர். இது எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ராணுவத்துக்கு வருவோம். லீவு முடிந்தும் முகாமுக்குத் திரும்பாதது ஒரு குற்றம். இனி திரும்புவதில்லை என்று ஓடிப்போவது வேறு குற்றம். 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் இரண்டையும் அடுத்தடுத்த பிரிவுகளில், 38, 39 என்று, தனித்தனியாக வைத்திருக்கிறது. போர்ப் பணியில் இருக்கும்போது ஓடினால் மரண தண்டனை வரை போகலாம். 30 நாள் வராவிட்டால் ராணுவ விசாரணைக் குழு கூடி அதைப் பதிவு செய்கிறது. அதன் பிறகும் அவர் சரணடையாமல், பிடிபடாமல் இருந்தால் ஓடிப்போனவராகவே கருதப்படுவார். ஆனால் குண்டுச் சத்தத்தில் புத்தி கலங்கி, எங்கே போகிறோம் என்றே தெரியாமல் நடந்து போன சிப்பாயின் எண்ணத்தை யார் அளப்பது? முதல் உலகப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டன் தன் படையினரையே சுட்டுக் கொன்றது. அவர்களில் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கியது. பிள்ளைகளே கிழவர்களாகிவிட்ட காலம் அது.

வேலைக்கும் இதே சொல்தான்: பணியைக் கைவிடுதல். சென்னையின் பி அண்ட் சி மில்லில் 8 வேலை நாள் தொடர்ந்து சொல்லாமல் வராவிட்டால் வேலையை விட்டுவிட்டதாகக் கொள்ளலாம் என்று நிலையாணை இருந்தது. லீவு முடிந்தும் வராமல், பிறகு மருத்துவச் சான்றோடு வந்த ஒரு தொழிலாளியின் வழக்கு 1960களில் உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலையை விட்டாரா என்பது பொதுவாக அவர் எண்ணத்தைப் பொறுத்தது என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், நிலையாணையில் எழுதியிருப்பதால் ஆலை செய்தது சரி என்றது. 1993இல்தான் வேறொரு வழக்கில், விளக்கம் கேட்காமல் பெயரை அடிக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. காய்ச்சலில் கிடந்தவனிடம் 'ஏன் வரவில்லை' என்று ஒரு வார்த்தை கேட்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

கடலில் இந்தச் சொல் தலைகீழாகவும் திரும்பும். கப்பலை விட்டு ஓடும் மாலுமி என்பது பழைய கதை. இப்போது மாலுமிகளைக் கைவிடும் முதலாளிகள் இருக்கிறார்கள். குறைந்தது 2 மாதச் சம்பளம் தராவிட்டாலோ, ஊர் திரும்பும் செலவை ஏற்காவிட்டாலோ, சோறு தண்ணீருக்கு வழி செய்யாவிட்டாலோ அந்த மாலுமி கைவிடப்பட்டவர் என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2014இல் செய்த திருத்தம் சொல்கிறது. இங்கே முதலாளியின் மனதைத் தோண்டிப் பார்க்கும் வேலையே இல்லை. சம்பளம் வந்ததா, சோறு வந்ததா என்று பார்த்தால் போதும். கரையில் இருக்கும் பெண்களுக்கும் இப்படி ஓர் எளிய அளவுகோல் இருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

ஏனென்றால் தமிழ்நாட்டில் கைவிடப்பட்ட பெண்களுக்கான மாத உதவித்தொகை பெற வயது 30 ஆகியிருக்க வேண்டும். அதோடு, விவாகரத்தோ பிரிவினையோ நீதிமன்றம் வழியாக வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் கைவிடப்பட்டு 5 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். விவாகரத்துக்கு 2 ஆண்டு போதும் என்கிறது சட்டம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவள் 5 ஆண்டு காத்திருக்கிறாள். இந்த இடைவெளி நியாயமில்லை.

அன்று இ-சேவை மையத்தில் எத்தனை வருடம் என்று கேட்டபோது, அக்கா பிள்ளையின் வகுப்பை வைத்துக் கணக்குச் சொன்னார். "பெரியவன் மூணாங்கிளாஸ் படிக்கிறப்ப போனார். இப்ப பத்தாவது படிக்கிறான்."

பத்து நாள் கழித்து கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வந்தார். அக்கம்பக்கத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் தயங்கினார். "போன தீபாவளிக்கு வந்தாரே அவரு. நானே பாத்தேன்."

அலுவலர் அக்காவைப் பார்த்தார். வந்து போனால் கணக்கு அறுந்துவிடுமோ என்று எனக்குப் பயம். சேர்ந்து வாழும் எண்ணம் இல்லாமல் எட்டிப் பார்ப்பது திரும்பி வந்ததாகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்காவே சொன்னார்.

"வந்தாரு சார். சின்னவனுக்குச் சட்டை கொண்டாந்தாரு. வாசல்லயே நின்னு குடுத்தாரு. செருப்பைக் கழட்டல."

அலுவலர் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பிறகு எழுதினார்.