நருட்டோவின் முற்பிறவிக் கணக்கு

‘நருட்டோ’ ஜப்பானின் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ வார இதழில் 1999 முதல் 2014 வரை வெளிவந்த மங்கா தொடர். எழுதி வரைந்தவர் மாசாஷி கிஷிமோட்டோ. 2002இல் தொடங்கிய அதன் அனிமே, ‘ஷிப்புடென்’ என்ற இரண்டாம் பாகத்தையும் சேர்த்து 720 பகுதிகள் ஓடி 2017இல் முடிந்தது. தமிழ்க் குரலோடும் தொலைக்காட்சியில் வந்திருக்கிறது.

நாயகன் நருட்டோ நிஞ்ஜா பள்ளித் தேர்வில் மூன்று முறை தோற்ற அனாதைச் சிறுவன். அவனுடைய தோழனும் போட்டியாளனுமான சசுகேயோ பிறவி மேதை. இவர்களை ஒட்டவும் விடாமல் விலகவும் விடாமல் வைத்திருப்பது எது என்பதற்குக் கதை கடைசிக் கட்டத்தில்தான் விடை சொல்கிறது. அந்த விடை, முற்பிறவி.

நிஞ்ஜாக்களின் ஆற்றலான சக்ராவை மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ‘ஆறு பாதைகளின் முனிவர்’ ஹாகோரோமோ. அவருடைய மூத்த மகன் இந்திரா எதையும் தனியாகவே சாதிக்கும் திறமைசாலி. இளையவன் அசுராவுக்கு எதுவும் எளிதில் வரவில்லை. உழைத்தும் பிறர் துணையோடும் மேலே வந்தான். தந்தை இளையவனை வாரிசாக்க, பகை மூண்டது. உடல்கள் அழிந்த பின்னும் இருவரின் சக்ராவும் தலைமுறைதோறும் வேறு வேறு ஆட்களிடம் குடியேறியது. மதாராவும் ஹஷிராமாவும் அப்படி வந்தவர்கள். அவர்களுக்குப் பின் சசுகேயும் நருட்டோவும்.

இங்கே மறுபிறவியில் கூடவருவது நினைவு அல்ல, ஆற்றல் மட்டுமே. இரண்டு சக்ராக்களும் ஒரே உடலில் கலந்தால் முனிவரின் கண்ணான ‘ரின்னேகன்’ திறக்கும். ஹஷிராமாவின் உடல் திசுவைத் தன் உடலில் சேர்த்துக்கொண்ட மதாரா, முதுமையில் அந்தக் கண்ணைப் பெற்றது இப்படித்தான்.

கிஷிமோட்டோ இதற்கான சரக்கைப் பௌத்தத்திலிருந்து எடுத்தார். ஆறு பாதைகள் என்பவை தேவர், மனிதர், அசுரர், விலங்கு, பேய், நரகர் என்னும் ஆறு பிறப்பு நிலைகள். ‘பெயின்’ என்ற வில்லன் இயக்கும் ஆறு உடல்களுக்கும் இந்தப் பெயர்களே. மணிமேகலையும் ஆறு வகைப் பிறப்பைச் சொல்கிறது. அங்கே அசுரர் இடத்தில் பிரமர். புராணத்தில் இந்திரன் தேவர்களின் தலைவன், அசுரர்கள் அவனுடைய எதிரிகள். கிஷிமோட்டோவிடம் இது தலைகீழ்: அசுரா நல்லவன், இந்திராவே வழிதவறியவன்.

நருட்டோவை மறுபிறவியாக்கிய இந்தத் திருப்பத்தை ரசிகர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. காரணம் தொடரின் முற்பகுதியிலேயே இருக்கிறது. அடுத்த நிலை நிஞ்ஜா ஆவதற்கான சூனின் தேர்வில், ராக் லீ என்ற சிறுவன் தன் காலில் கட்டியிருந்த எடைகளைக் கழற்றிப் போடும்போது தரை பிளக்கிறது. நிஞ்ஜா வித்தை எதுவும் வராத அவனிடம் இருப்பது பயிற்சி மட்டுமே. அதே தேர்வில் நருட்டோவை எதிர்த்து நிற்கும் நேஜி, பிறக்கும்போதே மனிதனின் விதி எழுதப்பட்டுவிடுகிறது என்று வாதிடுகிறான். நெற்றியில் அடிமை முத்திரை குத்தப்பட்டவன் அவன். அவனுடைய விரக்தியில் நியாயம் இருக்கிறது. நருட்டோ மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டி வந்து அவனை வீழ்த்துகிறான். தோற்றுத் தோற்றுத் தேறியவனின் வெற்றி அது. அவனே முனிவரின் மகனுடைய மறுபிறவி என்றால், நேஜி சொன்னதுதான் சரி என்றாகிவிடாதா?

அசுராவின் இயல்பே உழைப்பும் துணை தேடுவதும்தான், ஆகவே முரண்பாடு இல்லை என்பது தொடருக்காகப் பேசுபவர்களின் பதில். பாதிதான் தேறும் பதில். ராக் லீக்கு எந்த முனிவரும் தந்தையாக வாய்க்கவில்லை. அவன் கடைசிப் போரில் பின்வரிசைக்குப் போய்விடுகிறான்.

நேஜியுடனான சண்டை முதல் பாகத்தில் 60 முதல் 62 வரையிலான பகுதிகளில் வருகிறது. இந்திரா, அசுரா கதை ‘ஷிப்புடென்’ 464 முதல் 468 வரை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு வாசகர்கள் தங்கள் தீர்ப்பைச் சொல்லலாம்.