உஷார்! வலி நின்றுவிட்டது, எலும்பு இன்னும் முற்றவில்லை

இலங்கைத்துறை முகத்துவாரம் தொடங்கி மூதூர், கிண்ணியா, திருகோணமலை வரை, கை கால் முறிந்து கட்டோடு இருக்கும் எல்லோருக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இந்த எச்சரிக்கை. பிளாஸ்டர் வெட்டிய அன்றே முறிவு மாறிவிட்டது என்று எண்ணாதீர்கள். வலி இல்லை என்பதை நம்பிக் கரைவலைக் கயிற்றில் கை வைக்காதீர்கள். வள்ளம் தள்ளாதீர்கள். மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணாதீர்கள். முறிந்த இடத்தில் அப்போது இருப்பதும் எலும்புதான், ஆனால் முற்றாத எலும்பு. பாரம் ஏறினால் அது வளையும், அதே இடத்தில் மறுபடி முறியும். அப்படி முறிந்தால் முதல் நாளிலிருந்து எல்லாம் திரும்பத் தொடங்க வேண்டும். பலருக்கு ஒப்பரேஷனும் தேவைப்படும்.

ஏன் இப்படி? நுணுக்குக்காட்டியில் தெரிவதைச் சொன்னால் விளங்கும்.

முறிந்தவுடன் அந்த இடத்தில் இரத்தம் கட்டுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அதன் இடத்தில் நாரும் குருத்தெலும்பும் சேர்ந்த மென்மையான பாலம் ஒன்று உருவாகிறது. அதன் பிறகு எலும்பு கட்டும் கலங்கள் வேகமாக வேலை செய்து அதை எலும்பாக மாற்றுகின்றன. அவசரத்தில் கட்டும் இந்த எலும்பில் கொலாஜன் நார்கள் ஒழுங்கில்லாமல் நாலா பக்கமும் ஓடும், சுண்ணச்சத்தும் ஒரே சீராகப் படியாது. தாயின் வயிற்றில் குழந்தைக்கு முதலில் உருவாவதும் இதே வகை எலும்புதான். எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் பஞ்சு போலத் தெரியும் வீக்கம் இதுதான். அசைவு நின்றதும் வலி நிற்கிறது. ஆனால் பலம் வரவில்லை.

பலம் வருவது அடுத்த கட்டத்தில். அதற்கு அவசரம் தெரியாது. எலும்பை அரிக்கும் கலங்கள் முன்னால் போய்ப் பழையதைக் குடைந்து சின்னச் சுரங்கம் வெட்டுகின்றன. ஒரு நாளில் அவை ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்குகூட முன்னேறுவதில்லை. பின்னால் வரும் கட்டும் கலங்கள் அந்தச் சுரங்கத்தின் சுவரில் வளையம் வளையமாகப் புது எலும்பைப் பூசுகின்றன. நடுவில் இரத்தக் குழாய்க்கு மட்டும் வழி விடப்படும். ஆங்கிலேய வைத்தியர் குளொப்டன் ஹேவர்ஸ் 1691இல் எலும்பைப் பற்றி எழுதிய நூலால், இந்த வழிக்கு இன்றும் அவருடைய பெயரே இருக்கிறது. அதைச் சுற்றிய வளையக் கட்டு முழுவதும் சேர்ந்தாலும் அகலம் ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர்தான். ஒவ்வொரு வளையத்திலும் நார்கள் ஒரே திசையில் ஓடும், அடுத்த வளையத்தில் திசை மாறும். உதிரியாகக் கிடக்கும் தும்புக்கும் முறுக்கித் திரித்த கயிற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிஞ்சு எலும்புக்கும் முற்றிய எலும்புக்கும்.

இதிலும் ஒரு தாமதம் உண்டு. புதிதாகப் பூசிய படை முதலில் மென்மையான புரதமாகவே இருக்கும். சுமார் 10, 15 நாட்கள் கழித்துத்தான் சுண்ணச்சத்து ஏறத் தொடங்கும். அதில் பெரும்பங்கு சீக்கிரம் ஏறிவிடும், மிச்சம் ஏறி முடிய மாதங்கள் எடுக்கும். ஆகவேதான் வளர்ந்தவர்களின் கை முறிவு ஏறக்குறைய 6 வாரத்திலும் கால் முறிவு ஏறக்குறைய 12 வாரத்திலும் ஒட்டினாலும், உள்ளே முற்றும் வேலை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நடக்கிறது.

முழங்காலுக்குக் கீழே முறிந்தவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருங்கள். முன்பு பாதை எனும் மிதவைப் படகில் ஏறிக் கடந்த துறைகளில் இன்று பாலங்கள் வந்துவிட்டன. அதனால் திருகோணமலை – மட்டக்களப்பு வீதியில் வாகனங்கள் வேகமாக ஓடுகின்றன. விபத்தில் அடி வாங்கும் முன்னங்கால் எலும்பு தோலுக்கு நேர் கீழே இருக்கிறது, அதை மூடத் தசை குறைவு, இரத்த ஓட்டமும் குறைவு. அதனால் அது ஒட்ட 4 மாதமும் அதற்கு மேலும் எடுப்பதுண்டு. புகைப்பவர்களுக்கும் நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இன்னும் பிந்தும். முறிவு ஆறும் வரையாவது சிகரெட்டையும் பீடியையும் தொடாதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. பிள்ளையின் எலும்பு நுனிக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு நீளமாவது அங்கேதான். பெண் பிள்ளைகளுக்கு 14 – 16 வயதளவிலும் ஆண் பிள்ளைகளுக்கு 16 – 18 வயதளவிலும் அது எலும்பாகி மூடும். அதுவரை, மூட்டைக் கட்டி வைத்திருக்கும் நாரைவிட அந்தத் தட்டே பலவீனமானது. பெரியவருக்குச் சுளுக்காகும் விழுகை பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டு முறிவாகலாம். இந்த முறிவுகளை ஐந்து வகையாக சால்ட்டர், ஹாரிஸ் என்ற இரு வைத்தியர்கள் 1963இல் பிரித்தார்கள். உலகெங்கும் ஆஸ்பத்திரிகளில் இன்றும் அந்த வகைப்படுத்தலைத்தான் பார்க்கிறார்கள். சில வகைகளைக் கவனிக்காமல் விட்டால் கை கால் கட்டையாகும், அல்லது கோணலாக வளரும். அது தெரியவர வருடங்கள் ஆகும். ஆகவே மரத்தால் விழுந்த பிள்ளையின் மணிக்கட்டு வீங்கியிருந்தால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.

பரம்பரையாக முறிவு நெரிவு பார்ப்பவர்கள் மீது நம் ஊரில் மரியாதை உண்டு, அது இருக்கட்டும். ஆனால் எவ்வளவு பழகிய விரலானாலும், தொட்டுப் பார்த்து உள்ளே எலும்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பத்துப் போட்டு மட்டை வைத்து இறுக்கிக் கட்டினால் இன்னொரு அபாயமும் சேரும். வீக்கம் கூடும்போது கட்டு இளகாது, தசைக்குப் போகும் இரத்தம் நிற்கும். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும், பிறகு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். ஜேர்மானிய சத்திரசிகிச்சை நிபுணர் வொல்க்மன் 1881இல் இதை விரிவாக எழுதிவைத்தார். பிளாஸ்டர் போட்டாலும் இது நேரலாம்.

கட்டுக்குள் வலி நேரத்துக்கு நேரம் கூடுகிறதா, விரல் மரத்துப்போகிறதா, குளிர்கிறதா, நீலம் பாய்கிறதா, விரலை நீட்டினால் உயிர் போகிறதா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

இலங்கைத்துறையிலிருந்து திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் போகும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் இரண்டாம் கிளினிக்கை விட்டுவிடுகிறார்கள். பார்மசியில் வாங்கும் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு தொழிலுக்குப் போகிறார்கள். மாத்திரை வலியை மறைக்கும், எலும்பை முற்றவைக்காது. ‘பாரம் ஏற்றாதே’ என்று உடம்பு கொடுக்கும் ஒரே எச்சரிக்கையையும் அடக்கிவிடும்.

படுத்தே கிடக்கவும் சொல்லவில்லை. எந்தப் பக்கம் பாரம் வருகிறதோ அதற்கேற்பவே எலும்பு தன்னைத் திருத்திக் கட்டும் என்று யூலியஸ் வொல்ஃப் 1892இல் எழுதினார். வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் பாரம் கொடுக்க வேண்டும். சூடை, நெத்தலியை முள்ளோடு சாப்பிடுங்கள். தயிர், குரக்கன், முருங்கையிலை சேருங்கள். காலை வெயிலில் இருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். போனதும் கூச்சப்படாமல் கேளுங்கள்: “எக்ஸ்ரேயில் முறிவுக்குக் குறுக்கே எலும்பு முழுதாகக் கட்டியிருக்கிறதா? எவ்வளவு பாரம் தூக்கலாம்? கடலுக்கு எப்போது போகலாம்?” பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் திகதி வரும்வரை வலி இல்லாவிட்டாலும் பாரத்தைத் தொடாதீர்கள்.