உளநோய் மருந்தும் உடற்பருமனும்

எங்கள் தோட்டத்துத் தாய் ஒருவர் முன்பு ஒருநாள் மாலை என்னைத் தேடி வந்தார். அவர் மகன் என் பழைய மாணவன். 22-ஆம் வயதில் மனச்சிதைவு நோய் கண்டு, ஓலன்சப்பின் என்னும் மாத்திரை உண்டு தேறி வந்தான். காதில் ஒலித்த குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால், ஆறு திங்களில் எடை 14 கிலோ ஏறிற்று. "ஐயா, சட்டியில சோறு மிஞ்சவே மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பான்" என்றார். நானும் அவனை அழைத்து, நாவடக்கத்தைப் பற்றி நீளப் பேசினேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டான். பின்னர், ஒருவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். இரண்டு மாதத்தில் குரல்கள் திரும்பி வந்தன. மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தான்.

நான் அவனுக்குச் சொன்னது தவறு. ஏன் தவறு என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். ஆசிரியர்களாகிய நம்மிடம் பெற்றோர் இத்தகைய குறைகளைக் கொண்டு வருவது வழக்கமாதலின், அதனை இங்கு எழுதுகிறேன்.

1952-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஜான் டிலே, பியர் டெனிக்கர் என்னும் மருத்துவர் இருவர் குளோர்ப்புரோமசின் என்ற மருந்தை உளநோயாளர்க்குக் கொடுத்துப் பயன் கண்டனர். ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தோர் பலர் வீடு திரும்ப வழி பிறந்தது. அதன்பின் வந்த மருந்துகள் பல. அவற்றுள் சில உடலைப் பெருக்கச் செய்வன. பல ஆய்வுகளை ஒருங்கு திரட்டி 1999-இல் வெளியிட்ட கணக்கின்படி, பத்து வாரத்தில் குளோசப்பின் உண்டவர்க்குச் சராசரி 4.45 கிலோவும், ஓலன்சப்பின் உண்டவர்க்கு 4.15 கிலோவும், ரிஸ்பெரிடோன் உண்டவர்க்கு 2.10 கிலோவும் ஏறின. சிப்ராசிடோன் உண்டவர்க்கு ஏறியது மிகச் சிறிதே.

சராசரி என்பது பலவற்றை மறைக்கும். ஒரே மாத்திரையை ஒரே அளவில் உண்ட இருவருள் ஒருவர் பத்துக் கிலோ பெருக்க, மற்றவர் இருந்தபடியே இருப்பதும் உண்டு. ஏன்?

பால்மரத்தை எண்ணிப் பாருங்கள். விதை முளைத்து வளர்ந்த மரங்களை ஒரே நிரையில், ஒரே கை வெட்டினாலும், ஒரு மரத்தடி மங்கு நிரம்பும். அடுத்ததில் பாதிகூட இராது. ஒரே தாய்மரத்து ஒட்டுக்கன்றுகளோ ஏறத்தாழ ஒத்தாற்போல் பால் தரும். ஒரே கருவில் பிறந்த இரட்டையரும் ஒட்டுக்கன்று போன்றவரே. அவ்விருவரும் இம்மருந்துகளை உண்டபோது எடை ஏறிய அளவு பெரிதும் ஒத்திருக்கக் கண்டனர். ஆராயப்பட்ட இணைகள் மிகச் சிலவே. ஆயினும் பிறப்பின் பங்கு பெரிது என்பதை அவை காட்டின.

அப்பங்கு எங்கே உறைகிறது? மூளையின் உயிரணுக்களில் பூட்டுப் போன்ற ஏற்பிகள் உள்ளன. செரட்டோனின் என்னும் பொருள் 2சி என்ற ஏற்பியில் சேரும்போது 'போதும்' என்ற உணர்வு எழும். ஓலன்சப்பின் போன்றவை அப்பூட்டை அடைத்துக்கொள்கின்றன. ஹிஸ்டமின் ஏற்பியையும் அடைக்கின்றன. சளிக்கு உண்ணும் சில மாத்திரைகள் தூக்கம் வரச் செய்வது இந்த ஹிஸ்டமின் பூட்டினால்தான். 2சி ஏற்பியே இல்லாத எலிகள் மிகுதியாகத் தின்று கொழுத்ததை 1995-இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்தனர். எலிக்கு யார் நாவடக்கம் கற்பிப்பது?

2002-இல் ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞரும் சீன அறிஞரும் சேர்ந்து, முதன்முறை மருந்துண்ட 123 சீன நோயாளரை ஆராய்ந்தனர். 2சி ஏற்பியின் மரபணுவுக்குச் சற்று முன்னே, ஓரிடத்தில் சி என்னும் எழுத்துக்கு மாறாக டி என்னும் எழுத்தை உடையோர்க்கு எடை குறைவாகவே ஏறிற்று. ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்பது தமிழாசிரியர்க்குப் புதிதன்று! இம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆணுக்கு ஒரு படியே உண்டு, பெண்ணுக்கு இரண்டு. பிற்கால ஆய்வுகளில் சில இம்முடிவை ஒத்தன, சில ஒவ்வவில்லை. 2012-இல் அமெரிக்கச் சிறுவரிடையே நடந்த ஆய்வு, 18-ஆம் குரோமோசோமில், பசியை ஆளும் எம்சி4ஆர் மரபணுவின் அருகே மற்றொரு மாற்றத்தைக் காட்டியது. அதனைத் தாய் தந்தை இருவழியிலும் பெற்றவர்க்கு, ஏனையோரைப் போல் ஏறத்தாழ இருமடங்கு எடை ஏறிற்று.

இவை விதி அல்ல. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகக் கூடிச் செய்யும் வேலை இது. உணவுக்கும் உழைப்புக்கும் இதில் இடம் உண்டு. இரத்தத்தைச் சோதித்து மரபணுவுக்கேற்ப மாத்திரை தேரும் முறை இன்னும் மருத்துவமனைகளில் வழக்கமாகவில்லை. இப்போதைக்கு எடைப்பொறியே நல்ல சோதனை. முதல் மாதத்திலேயே நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 60 கிலோ உடையவர்க்கு 3 கிலோ, ஏறினால் பின்னும் மிகுதியாக ஏறக்கூடும். அப்போதே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் மருந்தை மாற்றலாம். நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைச் சேர்த்தும் கொடுக்கலாம். இரத்தத்தில் சர்க்கரையும் பார்த்துவருவார். நீரிழிவு மலிந்த நம் குடும்பங்களில் இது மிக வேண்டியது. தாமாக மாத்திரையை நிறுத்துவது மட்டும் ஆகாது.

அந்த இளைஞன் இப்போது மருத்துவர் மாற்றிக் கொடுத்த வேறு மாத்திரையை உண்கிறான். சனிக்கிழமைதோறும் எங்கள் பள்ளிக்கு வந்து, பிள்ளைகளை நிறுக்கும் எடைப்பொறியில் ஏறி நின்று, தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறான். சென்ற கிழமை 71 கிலோ. மறுமுறை மருத்துவரைக் காணும்போது அக்குறிப்பேட்டையும் கொண்டுபோகும்படி அவன் தாயிடம் சொல்லியிருக்கிறேன்.