சதுரங்கப் பலகை ஈன்ற பேரெண்

சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு தானியமணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்து 64 கட்டங்களையும் நிரப்பினால், மணிகளின் மொத்தத் தொகை 1,84,46,74,40,73,70,95,51,615 ஆகும்.

இருபது இலக்கங்கொண்ட இவ்வெண்ணைக் காண, கட்டங்கட்டமாகக் கூட்ட வேண்டுவதில்லை. கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி ‘ஆஸாருல் பாக்கியா’ என்னும் நூலை யாத்த பேரறிஞர் அல்பீரூனி, அந்நூலில் வர்க்கப்படுத்தும் வழியைக் காட்டினார். 2இன் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, பின்னர் 256, 65,536, 4,29,49,67,296. இதனையும் வர்க்கப்படுத்தி ஒன்றைக் கழித்தால் விடை கிட்டும்.

இப்படிகளே அவ்வெண்ணின் உள்ளமைப்பையும் உணர்த்துகின்றன. ஓர் எண்ணின் வர்க்கத்தில் ஒன்று குறைந்தால், அது அவ்வெண்ணினும் ஒன்று மிக்கதும் ஒன்று குறைந்ததுமான இரண்டின் பெருக்கமாகும்; 16−1 = 5×3 என்பது போல. இவ்விதியைத் தொடர்ந்து பொருத்த, நம் பேரெண் 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 ஆகிய ஆறின் பெருக்கமாகிறது. அல்பீரூனியின் வழியில் வந்த 2 முதலான ஆறு எண்களோடும் ஒவ்வொன்று கூட்டியவையே இவை!

இவற்றுள் முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும், அவ்வரிசையில் மேல்வருவனவும் அவ்வாறே என்று 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மேதை பெர்மா நம்பினார், நிறுவினாரல்லர். 1732இல் ஆய்லர், ஆறாவது எண் 641 × 67,00,417 எனப் பகுபடுவதைக் கண்டறிந்தார்.

ஐந்து சான்றுகள் ஒத்துவந்தமையால் ஆறாவதும் ஒத்துவரும் என்பது துணிபாகாது. சொன்னவர் மேதையேயாயினும் கணிதம் நிறுவலையே வேண்டி நிற்கும். மாணவர்கள் அப்பெருக்கலைத் தம் கையாலேயே செய்து பார்த்து இவ்வுண்மையைத் தெளிவார்களாக!