ராத்திரியில் ஆக்சிஜனைக் கூட்டிய நர்ஸ்கள்

கண்ணுக்குள்ளே பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்தான் விழித்திரை. வெளிச்சத்தை வாங்கி மூளைக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. ஓயாத வேலை என்பதால் அதற்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். அதைக் கொண்டுவரும் ரத்தக் குழாய்கள், நாம் அம்மா வயிற்றில் நான்கு மாதமாக இருக்கும்போது, பார்வை நரம்பு நுழையும் இடத்திலிருந்து முளைக்கின்றன. அங்கிருந்து நாலாபக்கமும் ஓரத்தை நோக்கி மெல்ல ஊர்ந்து, பிறக்கிற சமயத்தில்தான் கடைசி ஓரத்தைத் தொடுகின்றன.

சில குழந்தைகள் அவசரக்குடுக்கைகள். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிடுவார்கள். அவர்கள் கண்ணில் குழாய்கள் பாதி வழியில்தான் நிற்கும்.

1942-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கண் மருத்துவர் தியோடர் டெர்ரி ஒரு புது நோயைப் பற்றி எழுதினார். குறைமாதக் குழந்தைகளின் கண்ணில், லென்சுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு சவ்வு படர்ந்து பார்வையை அடைத்துவிடுகிறது என்றார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகம் முழுவதும் சுமார் 10,000 குழந்தைகள் இந்த நோயால் பார்வை இழந்தார்கள். 1950-இல் பிறந்த புகழ்பெற்ற பாடகர் ஸ்டீவி வொண்டரும் அவர்களில் ஒருவர்.

இதில் ஒரு விசித்திரம். வசதி குறைந்த இடங்களைவிட, புத்தம்புது இன்குபேட்டர் வைத்திருந்த நல்ல மருத்துவமனைகளில்தான் நோய் அதிகம்! வைட்டமின்மேல் பழி போட்டார்கள், இரும்புச் சத்துமேல் போட்டார்கள், பசும்பாலையும் விளக்கு வெளிச்சத்தையும்கூட விடவில்லை. 1951-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கேட் கேம்பல் என்ற குழந்தை மருத்துவர்தான் அங்கிருந்த மருத்துவமனைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்த இடத்தில் நோய் அதிகம், சிக்கனமாகக் கொடுத்த இடங்களில் குறைவு.

நம்ப முடிகிறதா? மூச்சுத் திணறும் குழந்தைக்கு உயிர்கொடுக்கும் ஆக்சிஜனே குற்றவாளியா?

வாஷிங்டனில் ஆர்னால் பாட்ஸ் என்ற இளம் மருத்துவருக்கும் அதே சந்தேகம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு வழக்கம்போல 65, 70 சதவீதம் கொடுப்போம், இன்னொரு பிரிவுக்கு 40-ஐத் தாண்டாமல் தேவைக்கு மட்டும் கொடுப்போம் என்று திட்டம் போட்டார். ஆராய்ச்சிக்கு அரசாங்கத்தில் பணம் கேட்டார், கிடைக்கவில்லை. அண்ணன் தம்பி உறவு எதற்கு இருக்கிறது? சகோதரரிடம் கடன் வாங்கித் தொடங்கினார்.

வேறொரு தொல்லை வார்டுக்குள்ளேயே இருந்தது. இரவுப் பணியில் இருந்த நர்ஸ்கள் சிலர், ‘ஐயோ, இந்தப் பிஞ்சுக்கு ஆக்சிஜனைக் குறைத்துவிட்டார்களே’ என்று மனம் தாங்காமல், டாக்டர் போனபிறகு திருகைத் திருப்பிக் கூட்டிவிடுவார்களாம்! சோதனையே பாழாகியிருக்கும். ஆனாலும் அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பாசத்தில் செய்ததுதான். பாசத்துக்கு அளந்து பார்க்கத் தெரியாது, அவ்வளவுதான்.

1952-இல் முடிவு வெளிவந்தது. ஆக்சிஜன் அதிகம் பெற்ற 28 குழந்தைகளில் 7 பேருக்குக் கடுமையான நோய். குறைவாகப் பெற்ற 37 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. பிறகு 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய சோதனையும் 1954-இல் அதையே உறுதிசெய்தது.

கண்ணுக்குள் என்னதான் நடக்கிறது? லண்டனில் நார்மன் ஆஷ்டன் பூனைக்குட்டிகளை வைத்து ஆராய்ந்தார். ஏன் பூனைக்குட்டி? பிறக்கும்போது அதன் விழித்திரைக் குழாய்களும் வளர்ந்து முடிந்திருக்காது. ஆக்சிஜன் மிதமிஞ்சிப் போனால் அந்தப் பிஞ்சுக் குழாய்கள் சுருங்கி மூடிக்கொள்வதை அவர் பார்த்தார். குழாயை வளரச் சொல்லும் ‘வி.இ.ஜி.எஃப்’ என்ற புரதத்தை விழித்திரை அப்போது குறைத்துவிடுகிறது என்பது பின்னாளில் தெரிந்தது. வாரங்கள் போகும். குழந்தை சாதாரணக் காற்றுக்கு வரும், விழித்திரையும் வளரும். குழாய் எட்டாத பகுதி ஆக்சிஜனுக்கு ஏங்கி அந்தப் புரதத்தை அள்ளி இறைக்கும். உடனே புதுக் குழாய்கள், பந்தலை விட்டு வெளியே பாயும் அவரைக்கொடிபோல, தாறுமாறாகக் கிளம்பும். பல குழந்தைகளுக்கு இது தானாகவே அடங்கிவிடும். அடங்காவிட்டால் தழும்பாகிச் சுருங்கி, விழித்திரையைச் சுவரிலிருந்து பிய்த்துவிடும்.

காரணம் தெரிந்துவிட்டது, கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? எல்லா மருத்துவமனைகளும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்தன. கண்நோய் மளமளவென்று குறைந்தது. ஆனால் குழந்தைகள் இறப்பது கூடியது. அந்தப் பெரிய சோதனையில், பிறந்து இரண்டு நாள் கடந்து பிழைத்த குழந்தைகளை மட்டும்தான் சேர்த்திருந்தார்கள். ஆக்சிஜன் மிக அவசியமான அந்த முதல் இரண்டு நாளை யாரும் சோதிக்கவில்லை! ஒரு குழந்தையின் பார்வையைக் காப்பாற்ற ஏறக்குறைய 16 குழந்தைகளின் உயிர் போயிருக்கலாம் என்று 1973-இல் லண்டன் ஆய்வாளர் கிராஸ் கணக்கிட்டார். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் உறுத்துவது இதுதான்.

இன்று குழந்தையின் குட்டிப் பாதத்தில் பல்ஸ் ஆக்சிமீட்டர் கட்டியிருப்பார்கள். கொரோனா காலத்தில் வீட்டில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதேதான். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 85-க்கும் 89-க்கும் நடுவே வைத்தால் கண்நோய் குறைகிறது, ஆனால் இறப்பு கூடுகிறது. அதனால் 90-ஐ ஒட்டி அல்லது அதற்குச் சற்று மேலே, 95-ஐத் தாண்டாமல் வைக்கப் பார்க்கிறார்கள். நூலிழை வித்தியாசம்!

மிஞ்சி வரும் நோய்க்கு மருத்துவம் உண்டு. குழாய் எட்டாத ஓரப் பகுதியை லேசரால் சுட்டு, புரதம் சுரப்பதை நிறுத்தலாம். நடுப்பார்வை பிழைக்கும், ஆனால் சுட்ட ஓரம் போனதுதான். பின்னாளில் கிட்டப்பார்வைக் கண்ணாடியும் தேவைப்படலாம். அந்தப் புரதத்தையே முடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகவும் போடுகிறார்கள். இதில் ஓரம் தப்பும். ஆனால் மருந்து கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கிறது. வளரும் குழந்தையின் மற்ற உறுப்புகளுக்கும் அந்தப் புரதம் வேண்டுமே! அதோடு, அடங்கிய நோய் சில மாதம் கழித்துத் திரும்பவும் தலைகாட்டலாம்.

நம் நாட்டில், 34 வாரத்துக்கு முன்பு பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளின் விழித்திரையைப் பிறந்த 30 நாளுக்குள் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு குட்டிப் பாப்பா வந்திருந்தால், ‘கண் டாக்டர் பார்த்தாச்சா?’ என்று பெரியவர்களிடம் கேளுங்கள். ஊசி போட்ட குழந்தை என்றால், டாக்டர் போதும் என்று சொல்லும்வரை ஒவ்வொரு முறையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.